வேளினி ஏன் உயிரைப் பகிரவில்லை

நுஸ்கி இறந்த ஒன்பதாம் நாள், அவனுடைய கைத்தொலைபேசியை உம்மா கொண்டுவந்து றம்ஸியாவின் கையில் வைத்தார்.

"இது ஓயாம சத்தம் போடுது மகள். யாரோ தம்பியத் தேடுறாங்க போல. மௌத்தாப் போயிட்டான் எண்டு சொல்லிரு."

றம்ஸியாவுக்கு வயது முப்பத்தாறு. குறிஞ்சாக்கேணியில் வீடு, கிண்ணியாவில் வேலை. பிரதேச செயலகத்தில் அபிவிருத்தி உத்தியோகத்தர். கணவர் சரீப் கட்டாரில் மின்வேலை செய்கிறார். அம்ரா, அசனா என்று இரண்டு மகள்மார். வாப்பா இறந்தபின் உம்மாவும் தம்பி நுஸ்கியும் அவளோடுதான் இருந்தார்கள். நுஸ்கிக்கு இருபத்துநாலு வயதில் இரண்டு சிறுநீரகமும் பழுதாயின. மூன்று வருடம் கிழமைக்கு இரண்டு தடவை பாலம் கடந்து திருகோணமலைக்குப் போய் டயலிசிஸ் செய்துகொண்டிருந்தான். டிசம்பர் மழையில் காய்ச்சல் வந்தது. இரத்தத்தில் கிருமி ஏறிவிட்டது என்றார்கள். நாலு நாளில் முடிந்துவிட்டது.

ஆஸ்பத்திரிச் சீட்டுகளை எல்லாம் அவன் தொலைபேசியில் படம் பிடித்து வைத்திருந்தபடியால், அதைத் திறக்கும் இலக்கம் அவளுக்குத் தெரியும். திறந்தாள். இருநூற்றுக்கும் மேல் செய்திகள். பெரும்பாலானவை ஒரே இடத்திலிருந்து வந்தவை: 'உப்பரசு வாசகர் களம்'.

உப்பரசு என்பது ஒரு நாவல் வரிசை. மந்திரவாதிகளும் முற்றுகைகளும் நிறைந்த தடித்த ஐந்து பாகங்கள். ஆறாவது இன்னும் வரவில்லை. டயலிசிஸ் கட்டிலில் நாலு மணித்தியாலம் அசையாமல் கிடக்கவேண்டிய நுஸ்கி, ஊசி ஏறாத கையால் அதைத்தான் பிடித்துக்கொண்டு வாசிப்பான். "இது சின்னப் பிள்ளைகள்ற கதையா தம்பி?" என்று றம்ஸியா ஒருமுறை கேட்டாள். "இல்ல ராத்தா, உங்களுக்கு விளங்காது," என்று சிரித்தான். அதற்குமேல் அவள் கேட்கவில்லை.

அந்தக் களத்தில் நாலாயிரம் பேர் இருந்தார்கள். யாழ்ப்பாணம், மட்டக்களப்பு, சென்னை, ரொறன்ரோ என்று எங்கெங்கோ இருந்து எழுதினார்கள். கருவூலக் கதவை உள்ளேயிருந்து பூட்டியவன் யார், மந்திரத்தின் விலை உடம்பிலிருந்து போகிறதா ஆயுளிலிருந்து போகிறதா என்றெல்லாம் ஊகம் எழுதி, அதற்கு ஆதாரம் காட்டி, அடிபடாத குறையாகச் சண்டை பிடித்தார்கள். நுஸ்கிக்கு அங்கே 'ஏழாம் காவலன்' என்று பெயர். அவனைத்தான் எல்லாரும் தேடினார்கள். "காவலன் எங்கே? நாற்பத்திரண்டாவது எப்போது வரும்?"

இறந்த செய்தியைத் தட்டச்சுச் செய்வதற்கு முன் அவன் எழுதிவைத்த நாற்பத்தொரு கட்டுரையும் என்னவென்று பார்க்க நினைத்தாள். எல்லாவற்றுக்கும் ஒரே தலைப்பு, பக்கத்தில் எண் மட்டும் மாறியது. 'வேளினி ஏன் உயிரைப் பகிரவில்லை.'

வேளினி அந்தக் கதையில் ஒரு மந்திரக்காரி. தன் உயிரில் பாதியைப் பிரித்து இன்னொருவருக்குக் கொடுக்கும் வித்தை அவளுக்குத் தெரியும். மூன்றாம் பாகத்தில் அவளுடைய தம்பி அகவன் நஞ்சு தீண்டி ஏழு நாள் கிடக்கிறான். அவள் ஏழு நாளும் கட்டிலருகே இருக்கிறாள். வித்தையைச் செய்யவில்லை. அவன் இறந்துபோகிறான். அவள் எழுந்து வேறு நாட்டுக்குப் போய்விடுகிறாள். ஏன் என்று எழுதியவர் சொல்லவில்லை.

களத்தில் வேளினியைப் போல வெறுக்கப்பட்ட பாத்திரம் வேறில்லை. அரியணைக்கு ஆசைப்பட்டு விட்டுவிட்டாள் என்றார்கள் சிலர். அது வேளினியே அல்ல, அவள் உருவில் வந்த எதிரி என்றார்கள் வேறு சிலர். மிச்சப் பேர் ஒரே சொல்லில் முடித்தார்கள்: கல்நெஞ்சி. நுஸ்கி ஒருவன்தான் அவளுக்காக வழக்காடினான். அவனுடைய ஊகம் இதுதான்: உப்பரசில் மனிதர்கள் கடல் பெருகும்போது பிறந்தவர்கள், வற்றும்போது பிறந்தவர்கள் என்று இரண்டு வகை. பெருக்கில் பிறந்தவரின் உயிர் வற்றில் பிறந்தவருக்கு ஒட்டாது. வேளினி பெருக்கு, அகவன் வற்று. அவள் மறுக்கவில்லை. கொடுத்திருந்தாலும் அது அவனில் நின்றிருக்காது. இரண்டு பேருக்கும் பொருந்தவில்லை.

பொருந்தவில்லை என்ற சொல்லில் றம்ஸியாவின் கண் நின்றது. தொலைபேசியை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டிவிட்டு, குசினிக்குப் போய்த் தண்ணீர் குடித்தாள்.

முந்தைய பெப்ரவரியில் நடந்ததை இங்கே சொல்லவேண்டும். உம்மாவுக்குக் கடும் சீனி வருத்தம், நீரிழிவு; அவரால் சிறுநீரகம் கொடுக்க முடியாது. மிச்சம் இருந்தது றம்ஸியா மட்டும்தான். கண்டிக்குப் போய் இரத்தம் கொடுத்தாள், மற்றச் சோதனைகளும் செய்தாள். முடிவு கேட்கத் தனியாகத்தான் போனாள். வைத்தியர் சந்தோஷமாகச் சொன்னார். எல்லாம் பொருந்துகிறது, கூடப்பிறந்தவர்களுக்குள்ளும் இப்படிப் பொருந்துவது அருமை, இன்னும் இரண்டு சோதனைதான்.

பஸ் ஏறுமுன் சரீப்புக்கு அழைத்தாள்.

"எல்லாம் பொருந்திட்டாம் மச்சான்."

சரீப் சொன்னார்: "ரெண்டு பொம்புளப் பிள்ளைகள் இரிக்கி உனக்கு. நாளைக்கு மத்தக் கிட்னியும் பழுதானா நான் இங்கயிருந்து என்ன செய்யுற? எனக்கு விருப்பமில்ல றம்ஸியா. செய்யுறண்டா எனக்குச் சொல்லாமச் செய். அதுக்குப் பிறகு என்னோட கதைக்கவும் தேவல்ல."

அவர் அப்படிச் சொன்னதும் அவளுக்கு வந்தது நிம்மதி. அதை அவள் தனக்குள் ஒருபோதும் மறைத்ததில்லை. கண்டிக்குப் போன நாளிலிருந்தே அவளுக்குக் கத்தியை நினைத்துப் பயம். இலேசாக மயக்கம் வந்தால், விலாப்பக்கம் சுளுக்கினால், இப்பவே இப்படி என்றால் வெட்டி எடுத்தபிறகு எப்படி என்று பயந்தாள். இப்போது வேண்டாம் என்று சொல்ல இன்னொருவர் கிடைத்துவிட்டார்.

வீட்டுக்கு வந்தபோது உம்மா வாசலில் நின்றார். நுஸ்கி கதிரையில் இருந்தான்.

"பொருந்தல்லயாம்," என்றாள்.

உம்மா அழுதார். நுஸ்கி, "பரவாயில்ல ராத்தா, நீங்க போய்க் கேட்டீங்களே," என்றான்.

அதன்பின் ஒன்பது மாதம் டயலிசிஸ் நாட்களில் ஒன்றுகூடத் தவறாமல் அவள் ஆஸ்பத்திரிக்குப் போனாள். அரைநாள் லீவு போடுவாள், இல்லாவிட்டால் மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஓட்டோவில் ஓடுவாள். உப்புக் குறைத்து, பொட்டாசியம் குறைய மரக்கறியை இரண்டு தண்ணீரில் அவித்து, சோறு கட்டிக்கொண்டு போவாள். அவன் சாப்பிட்டு முடியும்வரை பக்கத்தில் இருப்பாள். "உங்கட சகோதரி மாதிரி ஒராள் எல்லாருக்கும் கிடைக்காது," என்று தாதிமார் அவனிடம் சொல்வார்கள். அவன் தலையாட்டுவான்.

தம்பி தன்னை நம்பியிருக்கிறான், நம்பி அந்தக் கதைக்குள்ளும் அதையே தேடிக் கண்டுபிடித்திருக்கிறான். முதலில் அவளுக்கு அப்படித்தான் தோன்றியது. அது போதாதா சித்திரவதைக்கு? களத்தில் மரணச் செய்தியை மட்டும் எழுதினாள். நூற்றுக்கணக்கானவர்கள் துக்கம் சொன்னார்கள். ரொறன்ரோவிலிருந்து ஒரு பெண், இனி வேளினிக்காகப் பேச ஆளில்லையே என்று எழுதியிருந்தாள்.

ஜனவரியில் நுஸ்கியின் மேசையிலிருந்து முதல் பாகத்தை எடுத்தாள். ஏன் எடுத்தாள் என்று அவளுக்கே தெளிவாகத் தெரியாது. தம்பியின் ஊகம் சரியாக இருக்கவேண்டும் என்று ஏதோ ஒரு மூலையில் ஆசை இருந்திருக்கலாம். பஸ்ஸிலும் கந்தோர் மதிய இடைவேளையிலும் வாசித்தாள். முதல் நூறு பக்கம் ஒன்றும் பிடிபடவில்லை. யார் அரசன், யார் துரோகி என்று கொப்பியில் குறித்துக் குறித்துப் போனாள். பிறகு கதை அவளை இழுத்துக்கொண்டது. வேளினி வரும் இடங்களை இரண்டு தரம் வாசித்தாள். தம்பி காட்டிய ஆதாரங்களை ஒவ்வொன்றாகப் புத்தகத்தில் தேடிச் சரிபார்த்தாள். எல்லாம் அவன் சொன்னபடியே இருந்தன.

இரண்டாம் பாகம், முந்நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம். சந்தையில் வேளினியையும் அகவனையும் வளர்த்த செவிலித்தாய் மீன்காரியிடம் கதைத்துக்கொண்டு நிற்கிறாள். கதைக்குத் தேவையே இல்லாத பேச்சு. அதன் நடுவில் ஒரு வரி: 'ரெண்டும் பெருக்கில பிறந்ததுகள், அதுதான் வீடு கொள்ளாத குழப்படி.'

பஸ் பாலத்தில் ஏறிக்கொண்டிருந்தது. றம்ஸியா அந்த வரியைத் திரும்பத் திரும்ப வாசித்தாள். இரண்டு பேரும் பெருக்கு. அப்படியானால் பொருந்தும். நாற்பத்தொரு கட்டுரையும் இந்த ஒரு வரியில் உடைந்துபோகிறது.

தம்பி இதைக் கவனிக்கவில்லை போல என்று நினைத்தாள். வீட்டுக்கு வந்து தொலைபேசியைத் திறந்து தேடினாள். பதினெட்டாவது கட்டுரையில் அதே பக்கம் இருந்தது. செவிலியின் பேச்சுக்கு முந்தைய பந்தியை எடுத்து எழுதியிருந்தான். அதற்குப் பிந்தைய பந்தியையும் எழுதியிருந்தான். நடுவில் அந்த வரியை மட்டும் விட்டிருந்தான்.

இன்னும் பின்னால் போய்த் தேடினாள். இரண்டு வருடத்துக்கு முந்தைய பதிவு ஒன்று கிடைத்தது. அதில் நுஸ்கியே எழுதியிருந்தான்: 'வேளினியை மன்னிக்க எனக்குக் காரணம் தெரியவில்லை. கல்நெஞ்சி.' வேளினிக்காக அவன் எழுதிய முதல் கட்டுரையின் திகதி, போன வருடம் மார்ச் பத்தொன்பது. அவள் கண்டியிலிருந்து திரும்பி நாலு கிழமை கழிந்த நாள்.

களத்தில் நுஸ்கியோடு ஓயாமல் மல்லுக்கட்டியவர் ஒருவர் இருந்தார். இராகுலன் என்று சொந்தப் பெயரிலேயே எழுதுபவர். சாம்பல்தீவுக்காரர், துறைமுகத்தில் கப்பல் இழுக்கும் படகில் என்ஜின் வேலை. நுஸ்கியின் ஒவ்வொரு கட்டுரைக்கும் கீழே முதல் மறுப்பு அவருடையதாகத்தான் இருக்கும். ஆனால் பதினெட்டாவது கட்டுரையின் கீழே மட்டும் அவர் பெயரில் ஒன்றும் இல்லை. றம்ஸியா அவருக்கு எழுதினாள். நான் நுஸ்கியின் ராத்தா, உங்களோடு கதைக்கவேண்டும் என்று மட்டும் எழுதினாள். ஒரு மணித்தியாலத்துக்குள் பதில் வந்தது: 'வாங்கோ அக்கா. நீங்கள் எழுதுவீங்கள் எண்டு எதிர்பார்த்தனான்.'

மறுநாள் பின்னேரம் உட்துறைமுக வீதியில், வேலை முடிந்து வருபவர்கள் தேநீர் குடிக்கும் ஒரு கடையில் சந்தித்தார்கள். இராகுலனுக்கு நாற்பது வயதிருக்கும். நகங்களுக்குள் கிறீஸ். வெளியே வாழைப்பழத் தோலுக்காக, வீதியில் திரியும் ஊர் மான்கள் இரண்டு குப்பைத் தொட்டியைச் சுற்றிக்கொண்டு நின்றன. றம்ஸியா கொண்டுவந்த இரண்டாம் பாகத்தைக் கண்டதும் அவர் பக்கத்தைக் கேட்கவில்லை.

"முந்நூற்றுப் பன்னிரண்டு," என்றார்.

"உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும் அக்கா. அண்டைக்கே கண்டு கீழ போட்டனான். இந்தா காவலன், உம்மட கோட்டை இடிஞ்சுது எண்டு பெரிசா எழுதினனான். அஞ்சு நிமிசத்தில தம்பி கோல் எடுத்தார். அதுதான் நாங்கள் முதல் முதல் குரலில கதைச்சது. டயலிசிஸ்ஸில இருக்கிறன் எண்டார், மெசின் சத்தம் கேட்டது. அதை அழிச்சு விடுங்கோ அண்ணன் எண்டு கேட்டார். ஏன் எண்டு கேட்டன். அப்ப சொன்னார்."

"என்ன சொன்னான்?"

இராகுலன் கோப்பையை நகர்த்தி வைத்தார். "கிளினிக் படிவத்தில தம்பியின்ர நம்பரைத்தானே குடுத்திருந்தீங்கள்?"

அவன்தான் படிவம் நிரப்பியவன். அழகான கையெழுத்து. அவளுக்கு ஞாபகம் வந்தது.

"மார்ச் மாதம் அங்கயிருந்து கோல் வந்ததாம். அக்கா ஏன் அடுத்த சோதனைக்கு வரேல்ல, எல்லாம் பொருந்தியிருக்கெல்லோ எண்டு கேட்டவையாம். இனி வரமாட்டா எண்டு தம்பிதான் பதில் சொல்லி வச்சிட்டார்."

றம்ஸியா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். கடைக்காரர் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுத் தன் வேலையைப் பார்த்தார்.

"கோவமா இருந்தானா?" என்று கேட்டாள்.

"இருந்தது அக்கா. உங்களுக்குப் பொய் சொல்ல ஏலாது. நல்ல கோவம். உங்கட முகத்துக்கு நேர கேக்கப்போறன் எண்டு ரெண்டு மூண்டு தரம் சொன்னார். நான் கேளும் எண்டுதான் சொன்னனான்."

"ஏன் கேக்கல்ல அவன்?"

"ஒரு நாள் சொன்னார்: கேட்டா ராத்தாக்கு இங்க வந்திருக்க முகம் இருக்காது அண்ணன். பிறகு உம்மாதான் வருவா. உம்மா வந்தா அழுவா. எனக்கு ராத்தா வாறதுதான் வேணும். இப்பிடித்தான் சொன்னார்."

சங்கு ஊதிக்கொண்டு ஒரு கப்பல் உள்ளே வந்தது. இராகுலன் பழக்கத்தில் அந்தப் பக்கம் பார்த்தார்.

"அப்ப அந்த எழுத்தெல்லாம் எனக்காகவா எழுதினான்?"

"அப்பிடிச் சொன்னா உங்களுக்கு ஆறுதலா இருக்கும். ஆனா நான் அப்பிடி நினைக்கேல்ல அக்கா. தனக்காகத்தான் எழுதினார். எழுதி எழுதி அதை நம்பப் பாத்தார். நானும் விடாம மறுத்து எழுதினனான். அவருக்கு அதுவும் தேவையா இருந்தது. மறுக்க ஆளிருந்தாத்தானே இன்னும் ஆதாரம் தேடலாம்."

"கடைசியில நம்பினானா?"

"தெரியாது," என்றார் இராகுலன். "நாற்பத்தொண்டுக்குப் பிறகு நான் கேக்கேல்ல. மழை தொடங்கிட்டுது."

விடைபெறும்போது அவர் தயங்கித் தயங்கி ஒன்று கேட்டார். அந்த வரியை மற்றவர்கள் எப்படியும் ஒரு நாள் கண்டுபிடிப்பார்கள், அப்போது களத்தில் நுஸ்கியைக் கேலி செய்வார்கள், தான் என்ன செய்வது என்றார். எழுதுங்கள், அவன் தெரிந்துதான் விட்டான் என்றும் சேர்த்து எழுதுங்கள் என்றாள் றம்ஸியா. அவர் எழுதவில்லை. மே மாதம் மட்டக்களப்பிலிருந்து ஒரு மாணவி கண்டுபிடித்து எழுதினாள். கேலி இரண்டு நாள் நடந்து ஓய்ந்தது. வேளினி மறுபடி கல்நெஞ்சியானாள்.

கேலி ஓய்ந்த அந்தக் கிழமையே றம்ஸியா உம்மாவிடம் சொல்லத் தீர்மானித்தாள். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனபிறகு, கந்தோருக்கு லீவு சொல்லிவிட்டு, உம்மா அரிசி களைந்துகொண்டிருந்த இடத்துக்குப் போய்ப் பக்கத்தில் இருந்தாள். எல்லாவற்றையும் சொன்னாள். சரீப் வேண்டாம் என்றதைச் சொன்னாள், அப்போது தனக்கு நிம்மதியாக இருந்ததையும் விடாமல் சொன்னாள். நுஸ்கிக்குத் தெரிந்திருந்தது என்பதைக் கடைசியாகச் சொன்னாள்.

உம்மா அவளைத் திட்டவில்லை. அரிசியை முழுவதும் களைந்து, உலையில் போட்டு, கையைத் துடைத்துவிட்டு எழுந்தார்.

"எனக்கு மூதூருக்கு ஓட்டோ ஒண்டு பிடிச்சுத் தா," என்றார். மூதூரில் இருந்தது அவருடைய தங்கை, றம்ஸியாவின் சாச்சியின் வீடு.

"உம்மா, என்னை ஏசுங்க. ரெண்டு அடியெண்டாலும் அடிங்க."

"ஓட்டோ ஒண்டு பிடிச்சுத் தா மகள்."

சரீப் கட்டாரிலிருந்து அழைத்துக் கத்தினார். "முடிஞ்சு போன விசயத்த ஏன் கிண்டின? இப்ப ஆருக்கு என்ன லாபம்?" தொலைபேசியை வைத்த பிறகும் அந்தக் கேள்வியை நினைத்துக்கொண்டிருந்தாள். உண்மையில் ஒருவருக்கும் ஒரு லாபமும் இல்லைத்தான். வீட்டில் ஒரு அறை நுஸ்கியால் காலியாகியிருந்தது, இன்னொன்று உம்மாவால் காலியானது. பிள்ளைகள் பெத்தும்மா எங்கே என்று கேட்டார்கள். சுகமில்லாத சாச்சியைப் பார்க்கப் போயிருக்கிறார் என்று சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டாள். "பெத்தும்மாக்கு என்னோட கோவம்," என்றாள். மூத்தவள் அம்ரா ஏன் என்று கேட்டாள். "பெரிய பிழை ஒண்டு செஞ்சிட்டன்," என்றாள். அம்ரா சில நாட்களுக்குத் தாயின் முகத்தைக் களவாகப் பார்த்துக்கொண்டு திரிந்தாள்.

சனிக்கிழமைகளில் றம்ஸியா பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு மூதூருக்குப் போனாள். உம்மா பேரப்பிள்ளைகளோடு கதைப்பார், அவர்களுக்குத் தலைமுடியைச் சீப்பால் இழுத்துவிடுவார். இவள் நீட்டும் சீனி வருத்தக் குளிசையை வாங்கிக்கொள்வார். இவளோடு கதைக்கமாட்டார். சாச்சி நடுவில் நின்று ஏதேதோ சொல்லிப் பார்த்தார், பிறகு அவரும் விட்டுவிட்டார். மூன்று மாதம் இப்படியே போனது.

ஓகஸ்ட் மாதத்தில் ஒரு சனிக்கிழமை. பிள்ளைகள் சாச்சியோடு வெளியே வளவில் நின்றார்கள். உம்மா கட்டிலில் படுத்திருந்தார். றம்ஸியா குளிசைகளைப் பிரித்து நாள் நாளாகப் பெட்டிக்குள் போட்டுக்கொண்டிருந்தாள்.

"வெட்டி எடுத்திருந்தா," என்றது உம்மாவின் குரல், "உனக்கு ஏதும் ஆகியிரிக்குமா?"

றம்ஸியா கையிலிருந்த குளிசையைக் கீழே வைத்தாள். ஆகியிருக்கலாம் என்று சொல்ல ஒரு கணம் மனம் உன்னியது. அப்படிச் சொன்னால் உம்மா இந்தப் பக்கம் திரும்பக்கூடும், மகளாவது மிஞ்சினாளே என்று நினைக்கவும் கூடும்.

"டொக்டர் பயமில்ல எண்டுதான் சொன்னார் உம்மா. ரெண்டு மாசத்தில வேலைக்கும் போகலாம் எண்டார்."

உம்மா, "ம்," என்றார். சேலைத் தலைப்பை இழுத்து முகத்தில் போட்டுக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார். றம்ஸியா மிச்சக் குளிசைகளையும் போட்டு முடித்தாள். பின்னேர அசர் தொழுகைக்குப் பிறகு பஸ் இல்லை என்று சாச்சி வெளியேயிருந்து கூப்பிட்டார். பிள்ளைகளுக்குச் செருப்பைப் போடச் சொல்லிவிட்டு அறை வாசலில் வந்து நின்று, "போயிட்டு வாறன் உம்மா," என்றாள்.

அடுத்த சனிக்கிழமையும் போனாள்.